மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம்: ஆஸ்துமா கவனிப்பைப் புதிதாகத் தொடங்கும் மருந்தாளுநர்களுக்கு

என் கடைக்கு வரும் ஆஸ்துமா நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவருக்கு முதல் ஆறு மாதத்தில் பதினொரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் முறைப்போடு இருந்தேன். ஒருநாள் அவருடைய உதவியாளர் மருந்து வாங்க வந்தபோது கேட்டேவிட்டேன்.

“சார், ஒருத்தர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வர்றதுக்குள்ளதான் டாக்டர் கடிதம் பார்ப்பார். உங்களோடது மூணு பக்கம். ராத்திரி படிக்கலாம்னு எடுத்து வைப்பார், அது அப்படியே அடுக்குல போயிடும்” என்றார்.

பன்னிரண்டாவது கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

நீங்கள் மருந்தாளுநராக இருந்து, பக்கத்து மருத்துவரோடு சேர்ந்து ஆஸ்துமா நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்க நினைத்தால், நான் வீணாக்கிய அந்த ஆறு மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம். மருந்தாளுநர் என்னென்ன செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பகுதி விதிகளைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கீழே சொல்வது எதற்கும் மருந்தை மாற்றும் அதிகாரம் தேவையில்லை.

1. கடைக் கணக்கில் ஏற்கெனவே இருப்பதை எண்ணுங்கள்

மருத்துவர் “மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் “எடுக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் எத்தனை இன்ஹேலர் வாங்கினார்கள் என்பது உங்கள் கணக்கில் இருக்கிறது, அவரிடம் பெரும்பாலும் இருக்காது. அவருக்கு நீங்கள் தரவேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். அறிவுரை சொல்ல அவருக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரில் 120 பஃப் (ஒரு அழுத்தில் வரும் மருந்து ஒரு பஃப்) இருக்கிறது, காலை 2 மாலை 2 என்று சீட்டில் எழுதியிருக்கிறது என்றால் ஒன்று 30 நாள் வரும். ஆண்டுக்கு 12 வேண்டும். அவர் வாங்கியது 4 என்றால், எழுதிய மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. இது தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். அவர்மேல் தப்பில்லை.

அடுத்து, இளைக்கும்போது உடனே எடுக்கும் நிவாரண இன்ஹேலர். சல்பூட்டமால் மாதிரி, பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது. இதில் வழக்கமாக 200 பஃப் இருக்கும். ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்குபவருக்குக் கடுமையான தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது, 12 அல்லது அதற்கு மேல் என்றால் இறப்பு ஆபத்தே கூடுகிறது என்கிறது ‘ஜினா’ என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல். பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான அறிக்கையில், எத்தனை நிவாரண இன்ஹேலர் எழுதப்பட்டது என்ற கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேல் எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலும் அவை ஏதோ ஒரு மருந்துக் கடை வழியாகப் போனவைதான். அதைப் படித்த அன்று நான் என் கணக்கைத் திறந்து எண்ணத் தொடங்கினேன்.

எண்ணும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. வேறு கடையிலும் வாங்கியிருப்பார். வீட்டில் இருவருக்கு ஒரே இன்ஹேலர் ஓடும். பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கியிருப்பார்கள். இதையெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் பயன்படுத்தச் சொல்லும் சிகிச்சை முறை இருக்கிறது. அதை வாங்குபவரை ‘நிவாரண மருந்து அதிகம் எடுப்பவர்’ என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை எழுதி அசடு வழிந்தேன்.

2. கடிதத்துக்கு முன்னால் நேரில் போங்கள்

நோயாளிகள் பார்க்கும் நேரத்தில் போகவே கூடாது. உதவியாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கையில் வெற்றுக் கடிதப் படிவம் ஒன்று மட்டும் இருக்கட்டும், வேறு கோப்பு எதுவும் வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு விஷயம் முடிவாக வேண்டும். எந்த மாதிரி நோயாளிகளைப் பற்றி அவருக்கு எழுத வேண்டும்? கடிதம் எந்த வழியில் போகும், நோயாளி கையிலா, கைபேசிச் செய்தியாகவா? அவசரம் என்றால் எந்த எண்ணில், யாரை அழைப்பது? மருந்து மாறினால் நோயாளிக்கு அதை விளக்கப்போவது யார்? நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மருத்துவர் ஒன்று சொல்வார், கடையில் ஒன்று சொல்வார்கள், நடுவில் நோயாளி இரண்டையும் விட்டுவிடுவார்.

“மருந்தை நான் மாற்ற மாட்டேன், பார்த்ததைச் சொல்வேன்” என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய முகம் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

பணப் பேச்சு எந்த வடிவில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் உங்கள் கடைக்கு ஆள் அனுப்புவது, நீங்கள் அவரிடம் ஆள் அனுப்புவது, நடுவில் பங்கு. ஆஸ்துமா என்ற பெயரில் தொடங்கிய நல்ல காரியம் இங்கேதான் கெட்டுப்போகும். நோயாளி எந்தக் கடையில் வாங்கினாலும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்தக் கடிதம் அவரோடு போகலாம் என்று இருக்க வேண்டும்.

3. முதல் மாதம் ஐந்து பேர் போதும்

நான் முப்பது பேரில் தொடங்கி மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கினேன். ஐந்து பேரை இப்படித் தேர்ந்தெடுங்கள்: ஓராண்டில் 3 அல்லது அதற்கு மேல் நிவாரண இன்ஹேலர் வாங்கியவர், தடுப்பு மருந்தே இல்லாமல் நிவாரணம் மட்டும் வாங்குபவர், ஓராண்டில் இரண்டு முறையாவது ஸ்டீராய்டு மாத்திரை வாங்கியவர், சமீபத்தில் அவசர சிகிச்சைக்குப் போய்வந்தவர். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரண மருந்து மட்டுமே கொண்ட சிகிச்சையை ஜினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அதனால் இரண்டாவது வகையினர் எல்லோருக்குமே ஒரு கடிதம் தேவை.

ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், நெடுங்காலம் புகைபிடித்து நடுவயதுக்கு மேல் முதன்முதலாக இளைப்பு வந்தவர்கள், இவர்களை உங்கள் பட்டியலில் சேர்க்காமல் நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். அது ஆஸ்துமாதானா என்பதே அங்கே கேள்வி. கர்ப்பிணி ஒருவர் ‘குழந்தைக்கு ஆகாது’ என்று இன்ஹேலரை நிறுத்தியது தெரிந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். பெரும்பாலும் மருந்தைவிடக் கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாதான் குழந்தைக்கும் தாய்க்கும் ஆபத்து.

4. மூன்று தாள்கள்

ஒப்புதல் தாள். ‘என் மருந்து விவரங்களை என் மருத்துவரோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதம்’ என்று ஒரு வரி, மருத்துவர் பெயர், தேதி, கையெழுத்து. சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. வாய்ச் சம்மதம் போதும் என்று விடாதீர்கள். “யாரைக் கேட்டு எங்க அப்பா விஷயத்தை வெளியே சொன்னீங்க?” என்று ஒரு மகன் வந்து நின்றபோது என்னிடம் காட்டத் தாள் இல்லை.

பதிவுத் தாள். இது உங்களுக்கானது, கடையிலேயே பூட்டி வைப்பது. வாங்கிய தேதிகள், சோதனை மதிப்பெண், இன்ஹேலர் முறையில் கண்ட பிழை, அடுத்து வரவேண்டிய தேதி.

கடிதம். முழு உழைப்பையும் இதில் போடுங்கள். நான் எழுதும் மாதிரி இதோ:

“கடந்த 12 மாதத்தில் எங்களிடம் வாங்கியது: நிவாரண இன்ஹேலர் 9, தடுப்பு இன்ஹேலர் 3. ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை: 25க்கு 14. இன்ஹேலர் முறை: அழுத்திய பிறகுதான் மூச்சை இழுத்தார், திருத்திக் காட்டியிருக்கிறேன், 4 வாரத்தில் மீண்டும் பார்ப்பேன். பிற மருந்து: 2 மாதமாக டிமோலால் கண் சொட்டு மருந்து. கேள்வி: சொட்டு மருந்தைப் பற்றிக் கண் மருத்துவரோடு பேச வேண்டுமா? நோயாளி தங்களை எப்போது வந்து பார்க்கலாம்?”

அதன் கீழே மூன்று கட்டங்கள்: ‘இப்படியே தொடரட்டும்’, ‘இந்த வாரம் வரட்டும்’, ‘மாற்றம்: ______’. மருத்துவர் ஒரு டிக் போட்டால் போதும். பன்னிரண்டாவது கடிதம் பதிலோடு திரும்பியதற்கு இந்தக் கட்டங்கள்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

கடிதத்தில் ‘தவறு’, ‘ஏன் தரவில்லை’ போன்ற சொற்கள் வேண்டாம். எண்ணைச் சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள். நோயாளியிடமும் அதேதான்: “டாக்டர் தப்பா எழுதிட்டார்” என்று கவுண்டரில் ஒருமுறை சொன்னால் மூவரின் உறவும் போச்சு.

5. முதல் உட்காரல்: இருபது நிமிடம்

கூட்டம் இல்லாத நேரம் சொல்லி வரவழையுங்கள். வீட்டிலிருக்கும் எல்லா இன்ஹேலரையும், மற்ற மாத்திரை, சொட்டு மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டுக் கிடைக்கும் பட்டியலும் பையில் இருப்பதும் ஒன்றாக இருந்ததில்லை.

முதலில் நான்கு கேள்வி. கடந்த நான்கு வாரத்தில்: பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு வந்ததா? இரவில் ஆஸ்துமாவால் விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் எதையாவது செய்ய முடியாமல் போனதா? நான்கிற்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒன்றிரண்டு ‘ஆம்’ என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்று, நான்கு என்றால் கட்டுப்பாட்டில் இல்லை. மதிப்பெண்ணாக வேண்டுமென்றால் ஐந்து கேள்வி கொண்ட ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை இருக்கிறது. 5 முதல் 25 வரை. 20க்குக் கீழே வந்தால் மருத்துவருக்கு எழுதுங்கள். இரண்டில் ஒன்று போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து இன்ஹேலர். “எப்படி எடுப்பீங்கன்னு சொல்லுங்க” என்று கேட்காதீர்கள். எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். “எடுத்துக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். பெரும்பான்மையோர் தவறாகத்தான் எடுக்கிறார்கள். பத்தாண்டாக எடுப்பவரும் அதில் உண்டு.

அழுத்தும் வகை என்றால்: குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும், பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். அடுத்த பஃபுக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி. பொடி வகை என்றால் இதில் சில நேர் எதிர்: குலுக்கக் கூடாது, இழுப்பு வேகமாகவும் பலமாகவும் இருக்க வேண்டும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஒருவரிடம் இரண்டு வகையும் இருந்தால் குழப்பம் உறுதி. அதைக் கடிதத்தில் எழுதுங்கள், இரண்டையும் ஒரே வகையாக்க முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராதவருக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்படலமும் குரல் கரகரப்பும் வரலாம்.

நீங்கள் செய்து காட்டுங்கள், அவர் செய்யட்டும், பிழையைத் திருத்துங்கள், மறுபடி செய்யட்டும். இரண்டு மூன்று சுற்று ஆகும். சலிக்காதீர்கள்.

கடைசியாகப் பையைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலிக்கோ நடுக்கத்துக்கோ எழுதிய ப்ரொப்ரனலால், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு, இரண்டும் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியவை. சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை. ஆனால் முன்பு எடுத்தபோது இளைப்பு வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும், மூக்கில் சதை வளர்ச்சி இருப்பவரிடம் இரண்டு முறை. மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை எடுப்பவர் அல்லது அவர் வீட்டார் தூக்கம், மனநிலை மாறியதாகச் சொன்னால் கடிதத்தில் முதல் வரியாக எழுதுங்கள். மனநலப் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அந்த மருந்துக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. எதையும் நீங்களே நிறுத்தச் சொல்லாதீர்கள்.

6. எது இன்று, எது இந்த வாரம், எது அடுத்த மாதம்

ஒருவர் கவுண்டரில் நின்று முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறார், உதடு நீலம் பூத்திருக்கிறது, பேச்சு குழறுகிறது, நிவாரண மருந்து எடுத்தும் கேட்கவில்லை: இதில் எது இருந்தாலும் கடிதம் கிடையாது, ஆம்புலன்ஸ்தான். அது வரும்வரை உட்கார வைத்து ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்து கொடுங்கள். படுக்க வைக்காதீர்கள். இளைப்புச் சத்தம் குறைந்துவிட்டது, ஆனால் ஆள் துவண்டிருக்கிறார் என்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

தாக்குதல் வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் ஒரு வாரத்துக்குள் தன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டோடு உங்களிடம் வரும்போதே அந்தத் தேதியைக் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று வாங்கிக் கொடுங்கள்.

கற்றுக்கொடுத்த இன்ஹேலர் முறை நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறந்துவிடும். அடுத்த இன்ஹேலர் வாங்க வரும் நேரமும் அதுவே என்பதால் தனியாக வரவழைக்க வேண்டாம். சிகிச்சை மாறியவரை மருத்துவர் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும், நிலைத்துவிட்டால் மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இந்தத் தேதிகளை நோயாளியின் தடுப்பு இன்ஹேலர் பெட்டிமேலேயே எழுதுங்கள். சீட்டு தொலையும், பெட்டி தொலையாது.

7. செயல்திட்டத் தாள்

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு பக்கம். இதை நிரப்ப வேண்டியவர் மருத்துவர். உங்கள் வேலை, அப்படி ஒன்று நோயாளியிடம் இருக்கிறதா என்று கேட்பது, இல்லையென்றால் வெற்றுத் தாளைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புவது. நிரப்பி வந்ததும், “ராத்திரி இரண்டு தடவை எழுந்தால் என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். தாளைப் பார்த்து அவர் பதில் சொல்ல முடிந்தால் சரி. மருத்துவர் எழுத்து புரியவில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

8. செலவுக் கணக்கு

உங்களுக்குப் பெரிய செலவு நேரம்தான். முதல் முறை இருபது நிமிடம், அடுத்தடுத்த முறை ஐந்து, கடிதத்துக்குப் பத்து. மருந்தில்லாத பயிற்சிக் கருவிகளைத் தயாரிப்பாளர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஒரே வாய்ப்பகுதியை இருவருக்குத் தரக் கூடாது. ஊதுவேகம் அளக்கும் கருவி வாங்கினால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வாய்க்குழாய்களின் செலவையும் சேர்த்துப் பாருங்கள், அதுதான் ஓடிக்கொண்டே இருக்கும்.

நோயாளியின் செலவைப் பேசாமல் இந்த வேலை நடக்காது. தடுப்பு இன்ஹேலரை விடுவதற்கு என்னிடம் சொல்லப்பட்ட காரணங்களில் முதலாவது மறதி அல்ல, விலை. விலையைப் பஃப் எண்ணிக்கையால் வகுத்து, நாளுக்கு எடுக்கும் பஃபால் பெருக்கிக் காட்டுங்கள். பெட்டி விலை மலைப்பாக இருந்தாலும் ஒருநாள் செலவு சிறியதாக இருக்கும். அப்போதும் முடியாது என்றால் அதையே கடிதத்தில் எழுதுங்கள். மலிவான மாற்றை மருத்துவர் எழுதுவார். ஆனால் கருவியின் வகை மாறினால் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். மலிவானதைக் கொடுத்து, எடுக்கத் தெரியாமல் விட்டால் அந்தப் பணமும் வீண்.

எண்ணிக்கை காட்டாத இன்ஹேலரில் ஒரு பண விரயம் ஒளிந்திருக்கிறது. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளிருக்கும் வாயு சீறிக்கொண்டிருக்கும். குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. திறந்த தேதியையும் தீரும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஸ்பேசரை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடச் சொல்லுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

9. பதில் வராவிட்டால்

அவசரமில்லாத கடிதத்துக்கு ஏழு நாள் பொறுங்கள். எட்டாம் நாள் உதவியாளரிடம் ஒரு அழைப்பு, மருத்துவரிடம் அல்ல. அதற்கும் பதில் இல்லையென்றால் கடிதத்தின் நகலை நோயாளி கையில் கொடுத்து, “அடுத்த முறை போகும்போது உட்கார்ந்ததும் இதை மேசையில வைங்க” என்று சொல்லி அனுப்புங்கள். அனுப்பிய தேதி, அழைத்த தேதி இரண்டையும் பதிவுத் தாளில் குறித்துவைங்கள். என் பழைய பதினொரு கடிதங்களில் நான்கை ஒரு பக்கமாகச் சுருக்கி இப்படித்தான் மறுபடி அனுப்பினேன். மூன்று திரும்பி வந்தன. நான்காவதைக் கொண்டுபோக வேண்டியவர் இன்னும் போகவில்லை. வரும் திங்களன்று இன்ஹேலர் வாங்க வருவார், கேட்க வேண்டும்.